ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமும் ஐந்து மதிப்பெண்ணும்

நொச்சிக்குப்பத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து கணக்கும் பொருளியலும் பார்ப்பது என் வழக்கம். "பாடம் எடுக்கிறேன்" என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படித்தது பி.இ., செய்வது சாஃப்ட்வேர் வேலை. பொருளியல் நாற்பது வயதுக்கு மேல் பிடித்துக்கொண்ட கிறுக்கு. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்த வருடங்களில் ஒன்று. தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். கேள்வித்தாள் ஒரு கைடிலிருந்து எடுத்தது, விடைக்குறிப்பும் அதிலேயே இருந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: "தேவை விதியையும் அதன் விதிவிலக்குகளையும் விளக்குக." குறிப்பில் பங்கீடு தெளிவாக இருந்தது. விதிக்கு 1, படத்துக்கு 1, ஏதேனும் மூன்று விதிவிலக்குக்கு 3.

ஒரு பெண் விதியைச் சரியாக எழுதியிருந்தாள். படமும் சரி. கிஃபன் பண்டம் பற்றி நாலு வரி. அதற்கப்புறம் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதியிருந்தாள். அவள் அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் விலை அதிகம், ஆனாலும் அன்றைக்குத்தான் அதிகம் விற்கும். புரட்டாசி மாதம் விலை இறங்கும், வாங்க ஆள் இருக்காது. பார்த்தால் இது தேவை விதிக்கு நேர் எதிராகத் தெரியும். ஆனால் இது விதிவிலக்கு இல்லை. மற்றவை மாறாதிருந்தால் என்றுதான் விதி சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் புரட்டாசியும் அந்த "மற்றவை"யையே மாற்றிவிடுகின்றன. கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான்.

நான் 1 + 1 + 1 என்று கூட்டி 3 போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், மீன் எழுதுனது தப்பா?" என்று கேட்டாள். "தப்பில்லம்மா, ஆனா கேட்டது விதிவிலக்கு. மூணு எழுதணும், நீ ஒண்ணுதான் எழுதியிருக்கே," என்றேன். "சரி சார்" என்று போய்விட்டாள். பதில் சரியாகத்தான் சொன்னேன் என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து செல்போனில் வேறெதையோ தேடும்போது அந்தப் பக்கத்தின் படம் கண்ணில் பட்டது. எத்தனை போட்டேன் என்பது ஞாபகம் இல்லை. குறிப்பும் கையில் இல்லை. படித்துவிட்டு மனதுக்குள் 4 போட்டேன், ஐந்தே போடலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம்தான் பழைய கணக்கைத் தேடிப் பார்த்தேன். அதே விடை, அதே ஆள். ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

எது சரி, 3 ஆ 4 ஆ? இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை. இது ஆசிரியர்களைப் பற்றிய விமர்சனம் இல்லை. விடைக்குறிப்பு என்கிற அந்த நாலு பக்க ஆவணத்தை ஒரு நூலைப் படிப்பதுபோலப் படித்து, அது எதைப் பாதுகாக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்று பார்க்கும் முயற்சி.

130 வருடப் பழைய பிரச்சினை

ப்ளஸ் ஒன் பொருளியல் படித்தவர்களுக்குச் சமநோக்கு வளைகோடு தெரியும். அந்தக் கருத்தை 1881-இல் முதலில் எழுதியவர் எஃப். ஒய். எட்ஜ்வொர்த். அதே எட்ஜ்வொர்த் 1888-இலும் 1890-இலும் தேர்வு மதிப்பெண்களைப் பற்றி இரண்டு முக்கியமான கட்டுரைகள் எழுதினார். தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று அளக்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. வானியலாளர்கள் தொலைநோக்கியில் ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளக்கும்போது வரும் பிழையைக் கணக்கிடுகிற அதே முறையை விடைத்தாளுக்குப் போட்டுப் பார்த்தார்.

அவர் காட்டிய ஓர் உதாரணம்: ஒரே லத்தீன் உரைநடைப் பயிற்சியை 28 தேர்வாளர்கள் திருத்தினார்கள். நூற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை. எல்லாருமே அந்தப் பாடத்தில் தேர்ந்தவர்கள்.

அமெரிக்காவில் 1913-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரு வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். கணக்கில் தகராறு வராது என்றுதானே நினைப்போம்? முப்பதுக்குக் கீழேயும் போட்டார்கள், தொண்ணூறுக்கு மேலேயும் போட்டார்கள்.

எனக்கு மிகவும் உறைத்தது 1935-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹார்டாக், ரோட்ஸ் ஆய்வு. வரலாற்று விடைத்தாள்கள் 15. எல்லாமே ஏற்கெனவே ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றவை. அவற்றைத் தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 14 பேர் அதே தாள்களை மறுபடி திருத்தினார்கள். 14 பேர், 15 தாள், மொத்தம் 210 முடிவுகள். அதில் 92-இல் முதல் தடவை சொன்ன முடிவும் இரண்டாம் தடவை சொன்ன முடிவும் வேறு: பெயில் பாஸானது, பாஸ் கிரெடிட் ஆனது, அல்லது தலைகீழ். ஒருவர் இன்னொருவரோடு முரண்படுவது இருக்கட்டும், தன்னோடேயே முரண்படுகிறார். என் செல்போன் படக் கதை ஒன்றும் புதிதில்லை.

பொருளியல் இதில் எங்கே நிற்கிறது? இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் 2018-இல் பாடவாரியாக ஒரு கணக்கு வெளியிட்டது. மூத்த தேர்வாளரே திருத்தியிருந்தால் எந்த கிரேடு வருமோ அதே கிரேடு ஒரு மாணவருக்கு நடைமுறையில் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? கணிதத்தில் 0.96. வரலாற்றில் 0.56. பொருளியலில் சுமார் 0.74.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளியலின் குணத்தையே அது சொல்கிறது. பாதி கணக்கு, பாதி வாதம். படம் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம், வாதம் சரியா என்று சொல்ல யோசிக்க வேண்டும். அந்த யோசனையில்தான் நாலில் ஒரு பங்கு கை நழுவுகிறது.

நம்ம ஊர் தாள்

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2017-18-இலிருந்து மேல்நிலையில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். பொருளியலில் அகமதிப்பீடு 10, எழுத்துத் தேர்வு 90. அந்த 90 இப்படிப் பிரிகிறது: ஒரு மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது 20. இரண்டு மதிப்பெண் 7. மூன்று மதிப்பெண் 7. ஐந்து மதிப்பெண் 7. கூட்டினால் 20 + 14 + 21 + 35. ஆக, ஒரு தாளில் ஆசிரியர் படித்து முடிவெடுக்க வேண்டிய எழுத்து விடைகள் 21.

ஒரு வேளைக்கு 12 தாள், நாளைக்கு 24 என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 504 முடிவுகள். ஏப்ரல் மாத வெயில், பள்ளி வகுப்பறை பெஞ்சு, மேலே சுற்றும் மின்விசிறி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கோட் ரிவ்யூ பார்த்தாலே கடைசி அஞ்சில் "ஓகே, ஓகே" என்று தட்டிவிட்டுப் போகிறோம், ஏசி அறையில்.

அமைப்பும் சும்மா இல்லை. விடைத்தாளில் மாணவர் பெயர் தெரியாது. உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலையும் விடுபட்டதையும் சரிபார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை மறுபடி பார்ப்பார். ரிசல்ட் வந்தபின் ப்ளஸ் டூ மாணவர் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம்.

நகல் பார்க்கும் உரிமை ஒன்றும் தானாக வந்துவிடவில்லை. 1984-இல் மகாராஷ்டிர வாரியத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமையில்லை என்ற வாரிய விதி செல்லும் என்றது. 27 வருடம் கழித்து, 2011 ஆகஸ்டில், சிபிஎஸ்இ வழக்கில் அதே நீதிமன்றம் திருத்தப்பட்ட விடைத்தாளும் தகவல் அறியும் சட்டத்தின்படி "தகவல்"தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்றது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் எந்தப் பிழையைப் பிடிக்கும் என்று பாருங்கள். கூட்டல் தப்பு, பக்கம் விட்டுப்போனது, பதிவேற்றும்போது எண் மாறியது. இவை சின்ன விஷயம் இல்லை. 2019-இல் தெலங்கானா இன்டர்மீடியட் ரிசல்ட்டில் ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் 0 என்று வந்தது; மறுபடி பார்த்தபோது 99. அந்த ரிசல்ட்டை ஒட்டி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை விட்டார்கள். மதிப்பெண் என்பது வெறும் எண் இல்லை என்று இதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் என் 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும் பிழையை இவை எதுவும் பிடிக்காது. அங்கே கூட்டல் சரி. குறிப்புப்படி எல்லாமே சரி.

தராசு

லூப் ரோடு மீன்கடையில் தராசைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வகைத் தராசு கெட்டது. ஒன்று, எப்போது வைத்தாலும் 50 கிராம் கம்மியாகக் காட்டும். இன்னொன்று, ஒரு தடவை 50 கூட, ஒரு தடவை 50 கம்மி என்று ஆடிக்கொண்டே இருக்கும். முதலாவது எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது, ஆனால் தப்பு. இரண்டாவது சராசரியில் சரி, ஆனால் உங்கள் கையில் இருக்கும் மீனுக்கு அது உதவாது.

பி.எட். புத்தகங்களில் இதற்கு நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு பெயர் கொடுத்திருப்பார்கள். யார் திருத்தினாலும் அதே மதிப்பெண் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. அந்த மதிப்பெண் அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பது ஏற்புடைமை.

நம் விடைக்குறிப்பு ஆடும் தராசுக்குப் பயந்து வடிவமைக்கப்பட்டது. அதற்கு அது கண்ட வழி, விடையை எண்ணக்கூடிய துண்டுகளாக உடைப்பது. இலக்கணம் 1. படம் 1. கருத்துக்கு ஒன்று வீதம் 3. கருத்துகள் எவை? பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் உபதலைப்புகள். இப்படிச் செய்தால் ஆசிரியருக்குள் நடக்கும் ஆட்டம் குறையும், உண்மைதான். ஆனால் அளக்கும் பொருள் மாறிவிடுகிறது. தேவை விதி புரிந்ததா என்பதை விட்டு, உபதலைப்பு ஞாபகம் இருக்கிறதா என்பதை அளக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

எங்கள் தொழிலில் இதை நன்றாக அறிவோம். ஒரு புரோகிராமுக்கு டெஸ்ட் கேஸ் எழுதும்போது, வெளியீடு எழுத்துக்கு எழுத்து இப்படியே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் டெஸ்ட் ஓட்டுவது சுலபம். ஆனால் சரியாக வேலை செய்யும் வேறொரு புரோகிராம் அந்த டெஸ்டில் பெயிலாகும். கொஞ்ச நாளில் எல்லாரும் டெஸ்டுக்காகவே கோட் எழுத ஆரம்பிப்பார்கள்.

பொருளியலில் இந்த நஷ்டம் மற்றப் பாடங்களைவிட அதிகம் என்பது என் கட்சி. காரணம், இந்தப் பாடத்தின் அடிப்படைத் திறமையே ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான். மற்றவை மாறாதிருந்தால் என்ற இரண்டு சொல் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று பார்க்கத் தெரிந்தவர் பொருளியல் கற்றவர். விலை மாறியதால் அதே கோட்டின் மேல் நகர்வது வேறு, சூழல் மாறியதால் கோடே இடம் பெயர்வது வேறு. கல்லூரியில் படிக்கிறவர்களே குழப்பிக்கொள்ளும் இடம். அந்தப் பெண் தன் அம்மா கடையை வைத்து அதைப் பிடித்துவிட்டாள். என் குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது

இதை ஓர் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, நீங்க அந்த ஒரு பொண்ணைப் பாக்கறீங்க. நான் மத்த முப்பது பேரைப் பாக்கறேன். குறிப்பு இறுக்கமா இருக்கறதாலதான் கையெழுத்து அசிங்கமா இருக்கற பையனுக்கும் மார்க் விழுது. 'நல்லா யோசிச்சிருக்கானா'ன்னு பாத்துப் போடச் சொன்னா, நல்லா எழுதத் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைக்குத்தான் கை தாராளமா போவும்."

இது கனமான வாதம். சரளமான நடை, வட்டமான கையெழுத்து, அடிக்கோடு, கலர் ஸ்கெட்ச் இதெல்லாம் திருத்துகிறவரை மயக்கும். இவை எந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதிகம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குப்பத்துப் பிள்ளைக்கும் கச்சேரி ரோட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்றால் அது எண்ணக்கூடிய அளவுகோலாக இருப்பதே பாதுகாப்பு. நான் இரண்டாம் தடவை 4 போட்டதற்கு அவள் யார், அவள் அம்மா யார் என்று எனக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணமா? இருக்கலாம். பெயர் தெரியாத தாளாக இருந்திருந்தால் "கேள்விக்குச் சம்பந்தமில்லை" என்று தாண்டிப் போயிருப்பேனோ என்னவோ.

ஆக, குறிப்பைத் தூக்கிப் போடு என்பது தீர்வு இல்லை. குறிப்பை இன்னும் நன்றாக எழுது என்பதுதான் தீர்வு. சிபிஎஸ்இ-யின் மதிப்பீட்டு நெறிமுறையில் ஒரு பொது வழிகாட்டல் உண்டு: கொடுத்திருப்பவை கருத்துப் புள்ளிகள் மட்டுமே, முழு விடை அல்ல, மாணவர் தன் சொந்த நடையில் சரியாக எழுதியிருந்தால் மதிப்பெண் தரவேண்டும் என்று. பொருளியல் குறிப்புகளில் பல கேள்விகளுக்குக் கீழே, ஏற்கத்தக்க வேறு வாதமும் சரி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நல்ல வரி. ஆனால் எது ஏற்கத்தக்கது என்று சொல்லாமல் விட்டால், அந்த ஒரு வரி வழியாக ஆடும் தராசு மறுபடி உள்ளே வந்துவிடும்.

திறந்த கேள்வி, இறுக்கமான குறிப்பு

இரண்டும் சேர்ந்து இருக்க முடியுமா? நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்.

கேள்வி: "கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. சிறு ஃபைபர் படகுகள் கரையோரம் பிடிக்கலாம். இந்தக் காலத்தில் ஃபைபர் படகுக்காரரின் மீனுக்கு விலை என்ன ஆகும்? அவருடைய வருமானம் கூடுமா, குறையுமா? காரணத்துடன் எழுதுக."

பாடப்புத்தகத்தில் இதற்கு நேரான பக்கம் கிடையாது. விடையும் ஒன்றல்ல. விலை ஏறும் என்பது சரி. ஆனால் வருமானம், அவர் எவ்வளவு பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் கோழிக்கு மாறுவார்களா என்பதையும் பொறுத்தது. கூடும் என்றும் வாதிடலாம், பெரிதாகக் கூடாது என்றும் வாதிடலாம்.

இப்போது குறிப்பு. சந்தை அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது என்றால் 1. அதனால் சமநிலை விலை ஏறுகிறது என்றால் 1. அதைக் காட்டும் படத்துக்கு 1. வருமானம் எதைப் பொறுத்தது என்று ஒரு நிபந்தனையாவது (நெகிழ்ச்சி, பதிலீட்டுப் பண்டம், பிடிக்கும் அளவு) சொன்னால் 1. தான் எடுத்துக்கொண்ட நிபந்தனையோடு முடிவு ஒத்துப்போனால் 1. முடிவு "கூடும்" என்றாலும் சரி, "கூடாது" என்றாலும் சரி.

ஐந்துமே எண்ணக்கூடியவைதான். ஆசிரியரின் ரசனைக்கு இடம் கம்மி. ஆனால் மனப்பாடத்துக்கும் இடம் கம்மி. கடற்கரைப் பிள்ளைக்கு இது சாதகம் ஆகாதா, தருமபுரிப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கலாம். அதனால்தான் தேவையான தகவல் முழுவதையும் கேள்விக்குள்ளேயே வைத்தேன். மீன் தெரிய வேண்டியதில்லை, அளிப்பும் தேவையும் தெரிந்தால் போதும்.

கடைசி ஒரு மதிப்பெண்ணின் தத்துவம் முக்கியம். கணக்கிலும் அது வேண்டும். வருமானம் 1,000 கோடியிலிருந்து 1,200 கோடி ஆகிறது, நுகர்வு 800-லிருந்து 960 ஆகிறது. இறுதிநிலை நுகர்வு விருப்பு 160 / 200 = 0.8, பெருக்கி 5. ஒரு பையன் கழித்தலில் தவறி 150 என்று எழுதிவிட்டான், 0.75 வந்தது, பெருக்கி 4 என்றான். அவன் தப்பு ஒன்றுதான். பெருக்கி எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவனுக்குத் தெரியும். கடைசி விடையை மட்டும் பார்க்கும் குறிப்பு அவனை இரண்டு தடவை தண்டிக்கிறது. "முந்தைய படியின் தவறான எண்ணைச் சரியாகப் பயன்படுத்தினால் அடுத்த படிக்கு முழு மதிப்பெண்" என்று ஒரு வரி போதும்.

ஒரே ஆள், முழுத் தாள்

குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் ஆள்தான். சிலருக்குக் கை இறுக்கம், சிலருக்குத் தாராளம். இங்கே ஒரு சின்னக் கணக்கு, என் தொழில் புத்தி.

21 எழுத்து விடைகள். ஒவ்வொன்றிலும் அரை மதிப்பெண் அளவுக்கு அங்குமிங்கும் தற்செயலாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மொத்தத்தில் வருவது 0.5 × √21, அதாவது சுமார் 2.3. இப்போது ஆட்டமே இல்லாத, ஆனால் ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் இறுக்கமாகப் போடும் ஒருவர். அவர் பிழை தின்னப்படாது, கூடிக்கொண்டே போகும்: 0.25 × 21 = 5.25. ஒரு விடைக்கு நோக்கினால் இவர் பிழை பாதிதான், தாள் முழுக்க நோக்கினால் இரண்டு மடங்குக்கு மேல்.

பொருளியல் தாள் முழுவதையும் ஒருவரே திருத்தும்போது இந்த இரண்டாவது பிழை முழுசாக ஒரு மாணவர் தலையில் விழுகிறது. கேள்விவாரியாகப் பிரித்து, 41 முதல் 43 வரை ஒருவர், 44 முதல் 47 வரை இன்னொருவர் என்று திருத்தினால், ஒருவர் இறுக்கத்தை இன்னொருவர் தாராளம் கொஞ்சம் ஈடுகட்டும். ஒரே கேள்வியைத் தொடர்ந்து படிப்பதால் ஒப்பிடுவதும் சுலபம். இங்கிலாந்து வாரியங்கள் தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் இப்படித்தான் பிரித்துக் கொடுக்கின்றன. நடுநடுவே, மூத்த தேர்வாளர் ஏற்கெனவே மதிப்பெண் முடிவு செய்து வைத்த விடைகளையும் சொல்லாமல் கலந்துவிடுவார்கள். திருத்துகிறவர் அதில் விலகிப் போனால் உடனே தெரிந்துவிடும்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், சாஃப்ட்வேர்காரன் என்பதாலேயே. 2017-இல் மும்பை பல்கலைக்கழகம் அவசர அவசரமாகத் திரைவழித் திருத்தத்துக்கு மாறி, ரிசல்ட் மாதக்கணக்கில் தள்ளிப்போய், துணைவேந்தர் பதவியே போனது. கேள்விவாரியாகப் பிரிக்கவோ, சோதனைத் தாள் கலக்கவோ, கணினிகூட வேண்டாம். காகிதக் கட்டிலேயே செய்யலாம். கொஞ்சம் கூடுதல் நாளும் கூடுதல் ஆளும் வேண்டும்.

இன்னொரு காரியம் செலவே இல்லாதது. திருத்தும் மையங்களில் முதல் நாள், "இப்படியும் எழுதியிருக்காங்களே, போடலாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், முதன்மைத் தேர்வாளர் முடிவு சொல்வார். அந்தக் கேள்வியும் முடிவும் அந்த அறையோடு போய்விடுகின்றன. ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி தேர்வுகளை நடத்தும் வாரியம் மாணவர்கள் எங்கே தவறினார்கள், தேர்வாளர் எதை எதிர்பார்த்தார் என்று பாடவாரியாக ஓர் அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது, பொருளியலுக்கும் சேர்த்து. நாமும் அந்த முதல் நாள் முடிவுகளைத் தொகுத்து ரிசல்ட்டுக்கு அப்புறம் வெளியிடலாம். அடுத்த வருடம் தருமபுரியிலும் மயிலாப்பூரிலும் ஒரே முடிவு இருக்கும். சொந்தமாக யோசித்து எழுதினால் மதிப்பெண் உண்டு என்று பிள்ளைகளுக்கும் தெரியவரும்.

ஒரு மதிப்பெண் என்ன செய்யும்

இவ்வளவும் ஒரு மதிப்பெண்ணுக்காகவா என்று கேட்கலாம். எங்கள் காலத்தில் இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்குத் தசமப் புள்ளியில் சண்டை போட்டோம். பொருளியல் அந்தக் கணக்கில் வராது என்பதால் பலருக்கு அதன் மதிப்பெண் மேல் அக்கறை இல்லை. ஆனால் கலைப் பிரிவு, வணிகவியல் பிரிவு பிள்ளைகளுக்கு அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கை நாலு பாடம், 400 மதிப்பெண் வரிசையில்தான். நொச்சிக்குப்பத்திலிருந்து மெரினா ஓரமாக நடந்தால் ராணி மேரிக் கல்லூரி. பி.காம். இடம் அங்கே கிடைத்தால் கட்டணம் வீட்டுக்குத் தாங்கும். வரிசையில் நாலு பேர் முன்னால் போய்விட்டால் தனியார் கல்லூரி, இல்லையென்றால் அம்மாவோடு கடை. 0.74 என்பது புள்ளிவிவரத்தில் நல்ல எண்தான். வரிசையில் நிற்கிறவளுக்கு அது வேறு.

அந்தப் பெண் பொதுத்தேர்வில் விதிவிலக்கு மூன்றையும் புத்தகத்தில் உள்ளபடி மனப்பாடம் செய்துகொண்டு போனாள். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். "மீனை எழுதாதே, மார்க் போவும்" என்று. நடைமுறைக்கு அது சரியான அறிவுரை. இன்றைக்கும் அந்த நிலையில் அதையேதான் சொல்வேன். அது சரியான அறிவுரையாக இருக்கிறது என்பதுதான் விடைக்குறிப்பின் மேல் எனக்கிருக்கும் புகார்.

அப்புறம் வைத்த மாதிரித் தேர்வுகளுக்கு கைடு குறிப்பை அப்படியே எடுப்பதில்லை. ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: விதி ஏன் பொருந்தவில்லை என்று சரியான காரணத்தோடு காட்டினால், ஒரு விதிவிலக்குக்குச் சமமாக 1. தாள்களைப் பெயரை மறைத்து வாங்குகிறேன். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை திருத்துகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவதாக அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுக்கிறேன்.

அந்தப் பழைய தாளையும் அவரிடம் கொடுத்தேன், பெயர் சொல்லாமல். மீன் பத்தியை இரண்டு தடவை படித்தார். "கேட்டதுக்கு இது பதில் இல்லையே," என்றார். அப்புறம் 4 போட்டார்.